கெட்டியாவது வேறு, உறைவது வேறு: விதைப் பிசின்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜெலட்டின் வேண்டாம், சைவமாக ஏதாவது போட்டு ஜெல்லி செய்யலாம் என்று, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் வாங்கியவர்கள் பலருக்கும் ஒரே முடிவுதான் கிடைத்திருக்கும். கரண்டியில் எடுத்தால் இழை இழையாக வழியும் ஒரு கொழகொழப்பு. கூடக் கொஞ்சம் போட்டால் இன்னும் கொழகொழக்கும். இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் துண்டு போட வராது. பொடியில் குறை ஒன்றும் இல்லை. குவார் கம் நீரைக் கெட்டியாக்கும், உறைய வைக்காது. அதன் மூலக்கூறு கட்டப்பட்டிருக்கும் விதமே அப்படி.

இந்த வழிகாட்டி அந்தக் கட்டமைப்பிலிருந்து தொடங்கி, சமையலறையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் வரை போகிறது. தேவையானவை குறைவு: 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, சமையல் வெப்பமானி, மிக்ஸி, கண்ணாடி டம்ளர்கள். தராசு இல்லாமல் இறங்க வேண்டாம். இங்கே அரை கிராம் கூடினாலும் குறைந்தாலும் விளைவு மாறிவிடும்.

படி 1: கையில் இருப்பது என்ன பிசின் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் பிசின், கம், பசை என்று ஒரே வரிசையில் வைத்திருப்பார்கள். பாதாம் பிசினும் வேல மரப் பிசினும் மரத்தில் கசிந்து காய்ந்தவை. ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசி பெயருக்கேற்ப கடலிலிருந்து வருவது. சாந்தன் கம் ஒருவகை பாக்டீரியா சர்க்கரையைத் தின்று உருவாக்குவது. இவை எதுவும் விதைப் பிசின் அல்ல.

விதைப் பிசின்களிலும் இரண்டு வகை உண்டு. சப்ஜா, இசப்கோல், ஆளி விதை போன்றவற்றில் கொழகொழப்பு விதையின் வெளியுறையில் இருக்கிறது. நனைத்த உடனே தெரியும். கொத்தவரை, வெந்தயம், தகரை, மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும் கேரப் மரம், பெரு நாட்டின் டாரா மரம் ஆகியவற்றில் அது உள்ளே, கருவூணில் இருக்கிறது. முளைக்கும்போது செடி தின்ன வைத்திருக்கும் கட்டுச்சோறு அது. கூடவே ஈரத்தைப் பிடித்து வைக்கவும் உதவும். ராஜஸ்தானின் வறண்ட மண்ணில் கொத்தவரை செழிப்பாக வருவதை நினைத்தால் இது பொருந்திப் போகிறது. புளியங்கொட்டை கொஞ்சம் மாறுபட்டது. அதில் பிசின் இருப்பது பருப்பின், அதாவது வித்திலையின், செல்சுவரில். வேதியியலும் வேறு. அதற்குத் தனியாக ஒரு படி கீழே வருகிறது.

பாக்கெட்டில் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டிருப்பார்கள். 412 என்றால் குவார், 410 கேரப், 417 டாரா, 415 சாந்தன், 407 காரஜீனன். ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். ஏன் ஒன்றை மட்டும் போடுவதில்லை என்பது படி 4இல் புரியும்.

படி 2: கிளைகளை எண்ணுங்கள்

கொத்தவரை, வெந்தயம், கேரப், டாரா, தகரை எல்லாவற்றிலும் இருப்பது கேலக்டோமன்னன் என்ற ஒரே குடும்பம். மேன்னோஸ் என்ற சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்த நீளமான தண்டு, அதில் ஆங்காங்கே ஒற்றைக் கேலக்டோஸ் கிளைகள். அவ்வளவுதான். விதைக்கு விதை மாறுவது முக்கியமாகக் கிளைகளின் நெருக்கம். வெந்தயத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு மேன்னோஸுக்கும் ஒரு கிளை. கொத்தவரையில் இரண்டுக்கு ஒன்று. டாராவில் மூன்றுக்கு ஒன்று, கேரப்பில் சுமார் நான்குக்கு ஒன்று, தகரையில் ஐந்துக்கு ஒன்று.

கிளையே இல்லாவிட்டால்? வெறும் மேன்னோஸ் தண்டுகள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டி அடுக்கிக்கொள்ளும். நடுவே நீர் நுழைய முடியாது. பேரீச்சங்கொட்டை கல்லாக இருப்பது இதனால்தான். கொதிக்க வைத்தாலும் கரையாது. அதே தண்டில் கேலக்டோஸ் கிளைகளைப் பொருத்தினால், அவை தண்டுகளை விலக்கி நிறுத்தி நீருக்கு வழிவிடுகின்றன. ஆக, கிளை கூடினால் கரையும் தன்மை கூடும், உறையும் தன்மை குறையும்.

இரண்டு சீப்புகளைப் பக்கவாட்டில் ஒட்ட வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பல் முழுதாக இருந்தால் முதுகுகள் நெருங்காது. வரிசையாகச் சில பற்கள் உதிர்ந்த இடம் இரண்டிலும் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொள்ளும். கேரப் பிசினில் நடப்பது இதுதான். சராசரி நான்குக்கு ஒன்று என்றாலும் கிளைகள் சீரான இடைவெளியில் இல்லை. சில இடங்களில் நெருக்கமாக, சில இடங்களில் நீளமான வெற்றுத் தண்டாக. அந்த வெற்றுத் தண்டுகள்தான் பிடிமானம். ஜெல் என்பது இப்படிப்பட்ட பிடிமானங்களால் ஆன வலை. வலைக்குள் நீர் சிக்கி நிற்கும். வெறும் கெட்டித்தன்மைக்கு வலை தேவையில்லை. நீளமான இழைகள் நீரில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டாலே போதும். இழுத்தால் சிக்கல் அவிழ்ந்து வழியும்.

இன்னொன்று: இந்தத் தண்டுகளுக்கு மின்னேற்றம் கிடையாது. அதனால் உப்பு போட்டாலும் கால்சியம் இருந்தாலும் குழம்பின் கெட்டித்தன்மை பெரிதாக மாறாது. ஊறுகாயிலும் சாஸிலும் குவார் நிலைத்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

படி 3: குவாரைக் கட்டி தட்டாமல் கரையுங்கள்

200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் குவார், அதாவது 1 சதவீதம். பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டினால் கட்டியின் மேல்பகுதி நனைந்து உறையாகி, உள்ளே உலர்ந்த மாவு சிறைப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் போகாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, பொடியை அதன் எடையைப் போல ஐந்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, மிக்ஸி ஓடும்போது தூவுவது. மற்றொன்று, ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்து ஊற்றுவது. காரச் சமையலுக்கு இரண்டாவது நல்லது.

சூடாக்கத் தேவையில்லை. மூடி வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே கெட்டியாகத் தொடங்கும் என்றாலும் முழுசாக நீரேறுவதற்கு நேரம் வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் சேருங்கள். முதலிலேயே புளிப்பு இருந்தால் நீரேறுவது மந்தமாகும்.

இப்போது சோதனை. கத்தி முனையால் மேல்பரப்பில் ஒரு கோடு போடுங்கள். கோடு தானாக மூடிக்கொண்டால் அது கரைசல். அப்படியே நின்றால் ஜெல். குவாரில் மூடிக்கொள்ளும். வேகமாகக் கலக்கினால் இளகும், நிறுத்தினால் பழையபடி கெட்டியாகும். சாஸ், கிரேவி, குளுட்டன் இல்லாத ரொட்டி மாவு, ஐஸ்கிரீமில் பனித்துகள் பெரிதாகாமல் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு இந்தக் குணம் தங்கம். ஜெல்லிக்கு உதவாது.

வெந்தயத்தை ஊறவைத்து அரைத்தாலும் இதே குடும்பத்துக் கொழகொழப்புதான் வரும். கிளை நெருக்கம் அதிகம் என்பதால் அது உறைவதற்கு இன்னும் தூரம். ஆனால் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைப்பதில் வெந்தயப் பிசின் கெட்டிக்காரன்.

படி 4: கேரப்புக்குச் சூடு, அப்புறம் ஒரு கூட்டாளி

கேரப் பிசின் நம் ஊர்க் கடைகளில் அரிது. பேக்கரிப் பொருள் விற்கும் இடங்களில் அல்லது இணையத்தில் கிடைக்கும், விலையும் கூடுதல். கிடைக்காவிட்டால் டாரா பரவாயில்லை.

குளிர்ந்த நீரில் கேரப் பாதிதான் கரையும். வெற்றுத் தண்டுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் விட்டுக்கொடுக்கும். படி 3இல் சொன்னபடி தூவி, அடுப்பில் வைத்துக் கிளறி, 85 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். ஆறிய பிறகு கோடு போட்டால்? பெரும்பாலும் மூடிக்கொள்ளும். தனியாக அதுவும் சட்டென்று உறைவதில்லை.

இங்கேதான் சாந்தன் வருகிறது. அதுவும் தனியாக உறையாது. அரை லிட்டர் தண்ணீருக்கு கேரப் 1.3 கிராம், சாந்தன் 1.3 கிராம், இரண்டையும் 15 கிராம் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, மிக்ஸியில் தூவி, பாத்திரத்தில் ஊற்றி 85 டிகிரிக்குச் சூடாக்கிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். மொத்தமே அரை சதவீதம்தான் பிசின். ஆனாலும் ஆறும்போது உறைந்து, ரப்பர் போல் இழுபடும் ஒரு ஜெல் கிடைக்கும். தனித்தனியே உறையாத இரண்டு பொருள்கள் சேர்ந்தால் உறைகின்றன. கேரப்பின் வெற்றுத் தண்டுகள் சாந்தன் இழையோடு பிணைந்துகொள்வதால் இது நிகழ்கிறது. திரும்பச் சூடாக்கினால் உருகும், ஆறினால் மறுபடி உறையும்.

கேரப்புக்குப் பதில் அதே அளவு குவார் போட்டு இதே சோதனையைச் செய்து பக்கத்தில் வையுங்கள். கெட்டித்தன்மை எகிறும், தட்டில் கவிழ்த்தால் நிற்காது. நான்குக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற எண்களின் முழு அர்த்தமும் அந்த இரண்டு கிண்ணங்களில் தெரியும். மற்ற எந்தச் சோதனையையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

இன்னொரு கூட்டாளி கப்பா காரஜீனன். மண்டபம், ராமேசுவரம் பக்கம் மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுப்பது. இது தனியாகவே உறையும். ஆனால் அந்த ஜெல் மொடமொடவென்று உடையும், நேரம் போகப் போக நீர் கக்கும். கேரப் கொஞ்சம் கலந்தால் உடைசல் குறைந்து வளைந்து கொடுக்கும், நீர் கக்குவதும் குறையும். தகரைப் பிசினும் இந்த வேலையைச் செய்யும். டின்னில் அடைத்த நாய், பூனை உணவுகளில் இறைச்சியைச் சுற்றி இருக்கும் ஜெல்லி பல சமயம் இந்தக் கூட்டணிதான்.

கூட்டாளி இல்லாமலே கேரப்பை உறைய வைக்க ஒரு வழி உண்டு. 1 சதவீதக் கரைசலை ஃப்ரீசரில் இரவு முழுக்க உறையவிட்டு, வெளியே எடுத்து உருகவிடுங்கள். நீர் பனிக்கட்டியாகும்போது இழைகள் மீதமிருக்கும் சின்ன இடத்தில் நெருக்கப்பட்டு, வெற்றுப் பகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகினாலும் அந்தப் பிடி விடாது. குவார்க் கரைசலை இப்படி வைத்து எடுத்தால் போனபடியே திரும்பி வரும்.

படி 5: வெங்காரம் (சாப்பிட அல்ல)

குவாரை உறைய வைத்தே தீர வேண்டுமா? வேதிப்பிணைப்பால் முடியும். 100 மில்லி 1 சதவீதக் குவார்க் கரைசலில், தண்ணீரில் கரைத்த வெங்காரத்தை (போராக்ஸ்) சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுங்கள். சில நொடிகளில் ஒரே உருண்டையாகத் திரண்டு கையோடு வரும். மேன்னோஸிலும் கேலக்டோஸிலும் அருகருகே ஒரே பக்கம் நோக்கி நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில் கைகளை வெங்காரத்தில் இருக்கும் போரேட் பற்றிக்கொண்டு இழைகளைப் பாலம் போட்டு இணைக்கிறது. காரத்தன்மை இருக்கும் வரைதான் இந்தப் பிடி. இரண்டு சொட்டு வினிகர் விட்டால் மறுபடி ஓடத் தொடங்கும். இதை வாயில் வைக்கக் கூடாது. குழந்தைகளோடு செய்தால் கை கழுவ வையுங்கள், சமையல் பாத்திரத்தில் செய்ய வேண்டாம்.

இது விளையாட்டு மட்டுமல்ல. அமெரிக்காவில் பாறை இடுக்கிலிருந்து எரிவாயுவும் எண்ணெயும் எடுக்க, மணலைச் சுமந்து ஆழத்துக்குப் போகும் திரவம் பல சமயம் இதே போரேட் பிடித்த குவார்தான். மணல் கீழே படியாமல் இருக்க ஜெல், வேலை முடிந்ததும் ஜெல்லை உடைத்தால் திரவம் வெளியே வந்துவிடும். உலகக் கொத்தவரை விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில் என்பதால், அந்தத் துரப்பணம் சூடு பிடித்த 2012இல் இங்கே விலை பல மடங்கு ஏறி, முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

படி 6: புளியங்கொட்டை

என்னைக் கேட்டால், நம்மிடம் இருக்கும் விதைப் பிசின்களில் சுவாரசியமானது இதுதான். கூடை கூடையாகக் கிடைக்கும், பெரும்பாலான வீடுகளில் குப்பைக்குப் போகும்.

இதில் இருப்பது சைலோகுளுக்கன். தண்டு குளுக்கோஸால் ஆனது, செல்லுலோஸின் அதே தண்டு. நான்கு குளுக்கோஸில் மூன்றுக்குச் சைலோஸ் கிளை, அந்தச் சைலோஸ்களில் சிலவற்றின் நுனியில் கேலக்டோஸ். செல்லுலோஸாகவே இருந்திருந்தால் நீரில் கரையாது, கிளைகளால் கரைகிறது. அயோடின் சொட்டு விட்டால் மாவுச்சத்து நீலமாவது போல இது நீலப்பச்சையாகும். அதனால் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் இந்த வகைக்கு அமிலாய்டு, அதாவது மாவுச்சத்து போன்றது, என்று பெயர் வைத்தார்கள். 1940களில் இந்திய ஆய்வாளர்கள் இதன் ஜெல்லியாக்கும் குணத்தைப் பார்த்து, பழ ஜாமை உறைய வைக்கும் பெக்டினுக்கு மாற்றாக முன்வைத்தார்கள். பெக்டினில் இருக்கும் அமிலச் சர்க்கரை இதில் இல்லை என்பது தெரிந்தபின் இது வேறு பொருள் என்பது உறுதியானது. சணல், பருத்தி நூலுக்குக் கஞ்சி போடவும், ஒடிசாவின் பட்டசித்திரத் துணியைப் பதப்படுத்தவும், ஆந்திராவின் கொண்டபல்லி பொம்மைகளில் மரத்தூளோடு பிசையவும் இந்தக் கொட்டைதான்.

செய்முறை. கொட்டைகளை வாணலியில் மிதமான தீயில் தோல் வெடிக்கும் வரை வறுங்கள். கருகக் கூடாது, கருகினால் பிசினின் வலுவும் போய்விடும். உரலில் இடித்துச் சிவந்த தோலை முழுதாகப் புடைத்து எடுங்கள். தோலில் துவர்ப்பும் நிறமும் இருப்பதால் இதில் சோம்பல் படக் கூடாது. வெண்மையான பருப்பை நைஸாகப் பொடியாக்கிச் சலியுங்கள். பருப்பில் பாதிக்கு மேல் பிசின்தான், மீதி புரதமும் கொழுப்பும் நாரும்.

20 கிராம் பொடியை 200 மில்லி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 800 மில்லி நீரில் ஊற்றி, இருபது நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் புரதமும் நாரும் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக வடித்தெடுங்கள். ஆய்வகத்திலும் முதல் கட்டம் இதேதான். அங்கே அப்புறம் ஆல்கஹால் ஊற்றித் திரளவைத்துப் பிரிப்பார்கள்.

இந்தத் தெளிவு தானாக உறையாது. 200 கிராம் தெளிவில் 120 கிராம் சர்க்கரை போட்டு, மொத்த எடை 200 கிராமாகும் வரை கொதிக்க வைத்துச் சுண்டுங்கள். பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வைத்தால் கணக்கு எளிது. இப்போது அது 60 சதவீதச் சர்க்கரை. ஊற்றி ஆறவிட்டால் கண்ணாடி போல் தெளிந்து, மெல்ல நெகிழும் ஜெல் உருவாகும். சர்க்கரை நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், நீருக்கு வெளியே தள்ளப்பட்ட பிசின் இழைகள் ஒன்றையொன்று தேடி ஒட்டுகின்றன.

பழ ஜாம் செய்பவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். சாதாரண ஜாம் பெக்டினுக்குச் சர்க்கரை மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். புளிப்பு குறைந்த பழத்துக்கு எலுமிச்சை பிழிவது அதற்காகத்தான். புளியங்கொட்டைக்குப் புளிப்பு தேவையே இல்லை. இளநீர், சப்போட்டா, பனங்கற்கண்டு போன்ற புளிப்பில்லாத சுவைகளுக்கும் இது உறையும், எலுமிச்சை பிழிந்தாலும் கெடாது.

சர்க்கரையே இல்லாமல் உறைய வைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் வீட்டில் முடியாது. பீட்டா கேலக்டோசிடேஸ் நொதியால் நுனிக் கேலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டால், வெறும் நீரிலேயே உறையும். அதுவும் தலைகீழாக: குளிர்ந்தால் திரவம், சூடாக்கினால் ஜெல், மேலும் சூடாக்கினால் மறுபடி திரவம். மருந்தை உடலுக்குள் செலுத்தி உடல் சூட்டிலேயே ஜெல்லாக்க முடியுமா என்று ஆய்வுகள் நடப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். வெட்டாத பிசின் ஏற்கெனவே கண் சொட்டு மருந்துகளில், வறண்ட கண்ணுக்கு ஈரம் தர, பயன்படுகிறது.

படி 7: வெளியுறைக் கொழகொழப்பு

சப்ஜா, சியா, ஆளி, இசப்கோல் எல்லாமே நீரில் போட்டால் போதும், சூடு வேண்டாம். இவற்றின் சர்க்கரைக் கட்டமைப்பு கேலக்டோமன்னன் போல ஒழுங்கானது அல்ல, பலவகை கலந்தது. இசப்கோல் உமியில் இருப்பது அராபினோசைலன். தண்டு சைலோஸ், நெருக்கமான கிளைகள். ஆனாலும் 2 சதவீதத்திலேயே, கோடு போட்டால் நிற்கும் ஒரு பலவீனமான ஜெல் தரும். குளுட்டன் இல்லாத சப்பாத்தி, ரொட்டிக்கு குவாரை விட இதையே சிபாரிசு செய்வேன், மாவு விரிசல் விடாமல் உருட்ட வரும். சப்ஜாவில் ஜெல் விதையைச் சுற்றியே ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கும் சிரமத்துக்கு வீட்டில் பலன் இல்லை, பலூடாவில் அப்படியே போடுவதே சரி.

சரியாக வராதபோது

கேரப் ஜெல் உறையவில்லை என்றால் முதலில் வெப்பமானியைச் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் கொதிப்பு தெரிந்தாலும் நடுவில் 70 டிகிரிதான் இருக்கக்கூடும். புளியங்கொட்டை ஜெல் இளகலாக நின்றால் இன்னும் சுண்ட வேண்டும். கலங்கலாக இருந்தால் தெளிவு வடிக்கும்போது அவசரப்பட்டிருப்பீர்கள். நேற்று கெட்டியாக இருந்த குவார் இன்று நீர்த்துப்போயிருந்தால் கிருமிகள் தண்டை வெட்டத் தொடங்கிவிட்டன, கொட்டிவிடுங்கள். வெளியில் வைத்தால் ஒரு நாள், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். குவாரின் பச்சைப் பயறு வாசம் பிடிக்காதவர்கள் அளவை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்து, மீதிக் கெட்டித்தன்மைக்குச் சாந்தன் சேர்க்கலாம்.

உலர்ந்த குவாரையோ இசப்கோலையோ பொடியாக வாயில் போட்டு மேலே ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் பழக்கம் ஆபத்தானது. தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். உடல் எடை குறைக்க விற்ற குவார் மாத்திரைகள் உணவுக்குழாயை அடைத்ததால் அமெரிக்காவில் அவற்றைத் தடுக்க வேண்டியிருந்தது. ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.